மேட்டில் மூன்றாவது கியர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட்டா அப்பா வீட்டுக்கு வந்தபோது, நீல லாரியின் முன்சீட்டில் ஒரு பூப்போட்ட தலையணை கிடந்தது.

தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தத் தலையணை இல்வாவுடையது. அந்த சீட்டோ ஹெட்டாவுடையது.

ஹெட்டாவுக்குப் பதினோரு வயது. ஒரு வாரம் அம்மா வீடு, அடுத்த வாரம் அப்பா வீடு என்று மாறி மாறி இருப்பாள். அம்மா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தார். அப்பா ராக்னர் ஊருக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருந்தார். வேலை நாட்களில் பால் வண்டி ஓட்டுவார். மற்ற நேரமெல்லாம் கொட்டகையில் நிற்கும் நீல லாரிதான் அவருக்கு உலகம்.

அது அப்பாவைவிட வயதில் மூத்த லாரி. நீண்ட மூக்கு, தவளைக் கண் போன்ற விளக்குகள், மூக்குக்குள்ளே ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். இப்படிப்பட்ட கிழட்டு லாரிகளைச் சீராட்டி வளர்ப்பவர்கள் ஸ்வீடன் முழுக்க இருக்கிறார்கள். கோடை பிறந்ததும் ஒரு குன்றின் அடிவாரத்தில் எல்லோரும் லாரிகளோடு கூடுவார்கள்.

நீல லாரியில் கியர் மாற்றுவது லேசான வேலை இல்லை. கிளட்சை மிதித்து, கியரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். காலை எடுத்துவிட்டு, எஞ்சின் வேகம் இறங்கும்வரை பொறுக்க வேண்டும். மறுபடி மிதித்து அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். சரியான நொடியில் தள்ளினால் சத்தமே இல்லாமல் போய் உட்காரும். நொடி தப்பினால், கியர் பெட்டிக்குள் பல்லும் பல்லும் மோதி, தகர வாளியில் கருங்கல்லைப் போட்டு உருட்டியது போல அலறும். கேட்கிறவர்களுக்கே பல் கூசும்.

அந்தச் சரியான நொடியைச் சொல்வது ஹெட்டாவின் வேலை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்து, "இப்போ" என்பாள். அப்பா தள்ளுவார். உண்மையில் அப்பாவுக்கு அவள் உதவி தேவையே இல்லை. ஆனாலும் ஒருநாளும் அவர் அவளுக்கு முந்தித் தள்ளியதில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அன்னெலி என்பவர் அப்பாவோடு சேர்ந்து வாழ வந்தார். அவருடைய மகள்தான் இல்வா. ஒன்பது வயது. ஒல்லியாக, அதிகம் பேசாமல் இருப்பாள். தன் உயரத்துக்கு, செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியத்தை வைத்துக்கொண்டு தினமும் 'ம்ம்ம்' என்று இழுத்து வாசிப்பாள். ஹெட்டா இருக்கும் வாரமும் இல்வா அங்கே இருந்தாள். ஹெட்டா இல்லாத வாரமும் இல்வா அங்கேதான் இருந்தாள். ஹெட்டாவுக்குப் பொறுக்காதது அதுதான்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா உருளைக்கிழங்கை உரிப்பதையே மறந்துவிட்டுப் பேசினார்.

"ஹெட்டா, இதைக் கேளு. இல்வா என்ன கண்டுபிடிச்சிருக்கா தெரியுமா? கியர் சரியா விழுற நேரத்துல எஞ்சின் என்ன சுரத்துல பாடுதுன்னு கண்டுபிடிச்சுட்டா. அவ செல்லோவுல தடிச்ச கம்பி இருக்கே, அச்சு அசலா அதே சத்தம். அந்தச் சத்தம் வந்ததும் தள்ளினா போதும்."

இல்வா தட்டைப் பார்த்துக்கொண்டே லேசாகச் சிரித்தாள்.

"எனக்குச் சுரமெல்லாம் தேவையில்லை. சும்மாவே தெரியும்" என்றாள் ஹெட்டா.

அது யார் காதிலும் விழவில்லை. அப்பா அதற்குள் எழுந்துபோய் நண்பர் ஹில்டிங்குக்குப் போன் செய்து, இல்வாவின் காதைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். ஹில்டிங்கிடம் இதே வாயால் அவர் முன்பு ஹெட்டாவின் காதைப் புகழ்ந்திருக்கிறார். ஹெட்டாவுக்கு வயிறு எரிந்தது. வெள்ளரி ஊறுகாயை எடுத்துக் கறுக்கென்று கடித்தாள். எரிச்சல் தணியவில்லை.

மறுநாள்தான் லாரிக் கூட்டம். அன்னெலி காரில் பின்னால் வர, மற்ற மூவரும் லாரியில் போனார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில், நடுவில், இல்வா உட்கார்ந்தாள். ஹெட்டா ஜன்னலோரம் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் இல்வா மெல்லிய குரலில் "இப்போ" என்று சொல்வதும், கியர் சத்தமில்லாமல் விழுவதும் கேட்டன. 'ஒரு தடவையாவது அலறேன்' என்று ஹெட்டா லாரியிடம் மனதுக்குள் கெஞ்சினாள். லாரி அவள் பேச்சைக் கேட்கவில்லை.

குன்றடியில் பழைய லாரிகள் வரிசையாக நின்றன. லாரி மூக்கைத் திறந்து வைத்துவிட்டு, காபியும் கையுமாக ஆட்கள் சுற்றி நின்று வழக்காடினார்கள். லாரிக்கு உயிர் எஞ்சின்தான் என்றார் ஹில்டிங். எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் கியர் பெட்டி ஒத்துழைக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று அப்பா கேட்டார். போன வருடம் விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடங்கியிருந்தார்கள்.

அங்கே ஒரு போட்டி உண்டு. லாரியில் சரளைக்கல்லை ஏற்றிவிடுவார்கள். குன்றின் மேட்டிலேயே கிளம்பி, கியரை ஒவ்வொன்றாக மாற்றி உச்சிக்குப் போக வேண்டும். கியர் அலறும்போதெல்லாம், நடுவர் டாக்மர் என்ற வெள்ளைத்தலைப் பெண்மணி சிவப்புக் கொடியைத் தூக்குவார். ஆளுக்கு இரண்டு ஓட்டம். எது நன்றாக இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண். ஓட்டுபவரோடு துணைக்கு ஒருவர் மட்டும் ஏறலாம்.

"இந்தத் தடவை இல்வா வரட்டுமே. நீ போன வருஷமே வந்தாச்சு" என்றார் அப்பா, ஏதோ ரொட்டியைப் பங்கு வைப்பது போல.

ஹெட்டா தோளைக் குலுக்கினாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. இல்வாவின் சுரம் சமதரையில் பிடித்தது. பாரம் ஏற்றி மேட்டில் போகும்போது அது சரிவராது. கியர் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன நேரத்திலேயே லாரி சோர்ந்து மெதுவாகிவிடும். எஞ்சினும் இன்னும் கொஞ்சம் இறங்கினால்தான் இரண்டும் ஒத்துப்போகும். போன வருடம் இதே மேட்டில் ஹெட்டா கேட்டுத் தெரிந்துகொண்டது அது.

அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஹெட்டா சொல்லவில்லை.

நீல லாரி கிளம்பியது. எஞ்சின் சீறி, பிறகு சத்தம் இறங்கியது. மூன்றாவது கியருக்கு நேரம் வந்தது. 'இன்னும் இல்லை' என்று ஹெட்டா நினைத்த நொடியில் கியர் அலறியது. டாக்மர் கொடியைத் தூக்கினார். அப்பா மறுபடி முயன்றார். மறுபடி அலறல். லாரி மேட்டின் பாதியில் பெருமூச்சு விட்டு நின்றே போனது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "அதான் சொன்னேனே, எஞ்சின்தான் முக்கியம்னு" என்றார் ஹில்டிங் சத்தமாக.

ஹெட்டாவுக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். அந்த இன்பம் இல்வா லாரியிலிருந்து இறங்கும்வரைதான் நிலைத்தது. இல்வாவின் முகம் மாவு பூசியது போல வெளுத்திருந்தது. அவள் யாரையும் பார்க்காமல் ஓடினாள்.

பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் ஹெட்டா அவளைக் கண்டுபிடித்தாள். இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

"வண்டி உடைஞ்சு போச்சா?" என்று கேட்டாள் இல்வா.

"அதெல்லாம் இல்லை. ஹில்டிங் ஒரு தடவை ஓட்டினப்போ இதைவிட மோசமா அலறிச்சு. வயல்ல மேஞ்ச மாடெல்லாம் ஓடிப்போச்சு."

இல்வா சிரிக்கவில்லை. "நான் இனிமே ஏற மாட்டேன். எனக்கு லாரியே பிடிக்காது. டீசல் நாத்தம் வயித்தைப் பிரட்டுது."

ஹெட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்கு ஏறினே?"

இல்வா மூக்கை உறிஞ்சினாள். "நீ வர்ற வாரமெல்லாம் சாப்பிடுறப்போ நீயும் உங்கப்பாவும் பிஸ்டன், கிளட்ச்னு பேசிக்கிட்டே இருப்பீங்க. சிரிப்பீங்க. எனக்கு ஒண்ணும் புரியாது. உன்னைப் பார்த்தாலே எரிச்சலா வரும். எனக்குத் தெரிஞ்சது செல்லோ மட்டும்தான். அதை வச்சு ஏதாவது சொன்னா நானும் பேசலாமேன்னு பார்த்தேன்."

ஹெட்டா ஒரு டயரின் மேல் உட்கார்ந்தாள். அந்த எரிச்சல் தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மேஜையின் எதிர்ப்பக்கத்தில் அதே எரிச்சலோடு இன்னொருத்தியும் உருளைக்கிழங்கை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"மேட்டுல உன் சுரம் சரிவராதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் ஹெட்டா. "வேணும்னுதான் சொல்லலை."

"ஏன்?"

"நீ என் சீட்டுல உட்கார்ந்திருந்தே."

இல்வா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

அவள் அதைச் சொன்ன தினுசில் ஹெட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்வாவும் சிரித்தாள். ஆனால் உடனே முகம் வாடினாள். எல்லோரும் தன்னால்தான் லாரி நின்றது என்று சொல்வார்கள், அடுத்த வருடமும் சொல்வார்கள் என்றாள்.

"அப்ப இங்க வாடி" என்றாள் ஹெட்டா. "ரெண்டாவது ஓட்டம் இருக்கில்ல?"

அவள் ஒரு கையை லாரியாகவும் மறு கையை எஞ்சினாகவும் வைத்துக்கொண்டு, மேட்டில் இரண்டும் எப்படிச் சேர்ந்து இறங்கும் என்று காட்டினாள். இல்வா சட்டென்று பிடித்துக்கொண்டாள். சுரம் எவ்வளவு கீழே போகவேண்டும் என்று கேட்டாள். அதைச் சொல்ல ஹெட்டாவுக்கு வார்த்தை தெரியவில்லை. அதனால் தொண்டையை இறுக்கி எஞ்சினைப் போல உறுமிக் காட்டினாள். இல்வாவும் கூடச் சேர்ந்து உறுமினாள். இருவரும் உறுமி உறுமி, ஒரே சுரத்தில் வந்து நின்றார்கள். அந்தப் பக்கம் போன ஒருவர், யார் லாரியை ஓடவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் தேடிவிட்டுப் போனார்.

அப்பா அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். வியர்த்து வழிந்தது.

"ஹெட்டா, அடுத்த ஓட்டத்துக்கு நீ வந்துடு, கண்ணு."

காலையிலிருந்து அவள் கேட்கத் துடித்தது அதைத்தான். உடனே ஓடிப்போய் ஏறிவிட வேண்டும் போல கால் பரபரத்தது. இல்வா புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்வாவே வரட்டும்பா" என்றாள் ஹெட்டா. "இப்போ அவளுக்குத் தெரியும்."

"நிஜமாவா?"

ஹெட்டாவுக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

இரண்டாவது ஓட்டத்தை அவள் அன்னெலியின் பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிடக் கேட்டாள் என்று சொல்லலாம். எஞ்சின் சீறியது. சத்தம் இறங்கியது. செல்லோவின் தடித்த கம்பியைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஹெட்டாவின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்த அதே நொடியில் மூன்றாவது கியர் போய் உட்கார்ந்தது. ஒரு முனகல்கூட இல்லை. நான்காவது கியரில் சின்னதாக ஒரு கறமுற. டாக்மரின் கொடி பாதிவரை எழுந்து, யோசித்து, அப்புறம் முழுசாக எழுந்தது. லாரி உச்சியில் போய் நின்று ஹாரன் அடித்தது.

அவர்களுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. பரிசு என்பது கை நீளத்துக்கு ஒரு இறைச்சி சாசேஜ்.

அப்பா இல்வாவைத் தூக்கி இறக்கிவிட்டு, ஹில்டிங்கிடம் கியர் பெட்டியின் பெருமையை ஆரம்பித்தார். அவர் கை இல்வாவின் தோளில் இருந்தது. ஹெட்டாவுக்குள் அந்த எரிச்சல் மறுபடி எட்டிப்பார்த்தது. அது ஒரே நாளில் போய்விடும் சமாசாரம் இல்லை. ஆனால் இந்தத் தடவை அவள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, நான் அம்மா வீட்டுல இருக்கிற வாரத்துல லாரியில ஏதாவது பண்ணினா எனக்குப் போன் பண்ணிச் சொல்லணும். எஞ்சின் சத்தத்தையும் போன்ல கேக்க வைக்கணும். நான் வந்த பிறகு புதுசா ஒண்ணைப் பார்த்து முழிக்கக் கூடாது."

அப்பா எண்ணெய்க் கையால் தலையைச் சொறிந்தார். நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. "நீ சொல்றது சரிதான். எனக்கு அது உறைக்கவே இல்லை" என்றார். அன்றிரவே ஆரம்பிப்பதாகவும் சொன்னார். அன்றிரவு ஹெட்டா வீட்டில்தான் இருப்பாள் என்பதை அவள்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில், காற்று வேண்டும் என்று இல்வா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோதுமை வயல்களைத் தாண்டும்போது ஹெட்டா அவள் பக்கம் திரும்பினாள்.

"லாரி உனக்குப் பிடிக்காது. சரி, உனக்கு எதைப் பத்திப் பேசப் பிடிக்கும்?"

இல்வா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "நத்தையைப் பத்தி."

"நத்தையா?"

"ஆமா. நத்தைக்கு ஆயிரக்கணக்குல பல்லு இருக்கு, தெரியுமா?"

ஹெட்டா வாயைப் பிளந்தாள். நம்முடைய கியர் பெட்டியில்கூட அவ்வளவு பல் கிடையாதே என்று அப்பா தொடங்கினார். இல்வா அவரை முடிக்க விடவில்லை. அந்தப் பற்கள் நாக்கில் எப்படி வரிசையாக இருக்கும், தேய்ந்து விழுந்தால் எப்படிப் புதிது முளைக்கும், பனிக்காலத்தில் நத்தை எப்படித் தன் வாசலை அடைத்துக்கொண்டு தூங்கும் என்று ஆரம்பித்துவிட்டாள். ஹெட்டா கேள்விமேல் கேள்வி கேட்டாள். வீடு வந்து சேரும்வரை, எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேச அப்பாவுக்கு இடமே கிடைக்கவில்லை.