காலி இடத்தில் எரிந்த விளக்கு

மதிய வெயிலை முதுகில் சுமந்துகொண்டு சிற்பியும் அவள் அண்ணனும் படியிறங்கினார்கள். ரயில் பாதைக்கு அடியில், ஆட்கள் கடந்துபோவதற்கான சுரங்கப்பாதை அது. பல வருடங்கள் பூட்டிக் கிடந்ததற்கு இப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், மறுநாள் திறப்பு. எதிர்முனை ஷட்டர் இன்னும் பூட்டியேதான் இருந்தது. சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் ஏதோ புளித்த வாடை வந்தது.

அவள் வெளிச்சத்தில் சிற்பம் செய்கிறவள். கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான கண்ணாடி விளக்குகள், மழை பாதியில் நின்றுவிட்டதுபோல் தொங்கின. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சென்சார். தனக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஓயாமல் அளப்பதுதான் அதன் வேலை. முதலில் பாதையைக் காலிசெய்து, 'இதுதான் காலி, நினைவில் வைத்துக்கொள்' என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதன்பின் அளவு மாறினால் விளக்கு எரியும். ஒருவர் அடியில் நடந்தால், வெளிச்சமும் அவர் தலைக்குமேல் கூடவே நடக்கும்.

அண்ணன் எலக்ட்ரீஷியன். இந்த விளக்கத்தை அவன் காது புளிக்கக் கேட்டவன். "காலி இடத்துக்கு டியூஷன் எடுக்கற ஒரே ஆளு நீதான் பாப்பா" என்றான்.

இருவரும் வெளியே வந்து ஷட்டரை இறக்கினார்கள். அவள் படியில் உட்கார்ந்து லேப்டாப்பில் பொத்தானை அழுத்தினாள். ஒரு தும்மல் போடும் நேரத்தில் பாடம் முடிந்து, காலி அளவுகள் லேப்டாப்பில் பதிந்தன. ஷட்டரைத் தூக்கியதும் அண்ணன் மாப்பிள்ளை நடை போட்டு உள்ளே போனான். வெளிச்சம் அவனைப் பின்தொடர்ந்தது. அவள் சிரித்தாள்.

பாதையின் நடுவில், சுவரோரம், ஒரு விளக்கு தானாக எரிந்தது.

அடியில் யாரும் இல்லை.

அண்ணன் ஏணி போட்டு விளக்கை மாற்றினான். எரிந்தது. சென்சாரைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினான். அப்போதும் எரிந்தது. அவள் திரையில் அந்த இடத்தின் அளவைப் பார்த்தாள்.

ஆள் வந்து நின்றால் தூரம் குறைய வேண்டும். இங்கே கூடியிருந்தது. இப்போதைய அளவு சரி. மனப்பாடம் செய்ததுதான் தவறு. 'காலி' என்று சொல்லித்தந்த நேரத்தில் அங்கே ஆளுயரத்துக்கு ஏதோ நின்றிருக்கிறது. அதையும் சேர்த்தே காலி என்று சென்சார் படித்துக்கொண்டது.

இப்போது அது அங்கே இல்லை.

"அண்ணா," என்றாள். "நாம வெளிய நின்னப்ப உள்ள யாரோ இருந்திருக்காங்க."

"எலியா இருக்கும்."

"உன் உயரத்துக்கு எலி இருக்குமா?"

எதிர்முனையில், விளக்குகளே மாட்டாத இருட்டையொட்டி, இன்னொரு விளக்கு எரிந்தது. அது அணைந்தது. அடுத்தது எரிந்தது.

நடந்து வந்தது.

"இறங்கு. திரும்பிப் பார்க்காம வா."

அண்ணன் இறங்கி நடந்தான். அவன் தலைக்குமேல் ஒரு வெளிச்சம், பின்னால் இன்னொன்று. இடைவெளி குறைந்தது. இரண்டு வெளிச்சமும் ஒன்றாயின. பிறகு பிரிந்தன. ஒன்று வேகமாக வாசலை நோக்கி வந்தது.

அண்ணன் வெளியே வந்தான். அவள் ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.

அவன் எதிர்ப்பக்கத்து டீக்கடையைக் கையால் காட்டிவிட்டு நடந்தான். மூச்சு விடட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

திரையில், ஷட்டருக்கு நேர் பின்னால் ஒரு விளக்கு எரிந்தது.

தட்டும் சத்தம் கேட்டது. உள்ளிருந்துதான்.

தலைக்குமேல் ரயில் தடதடத்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்தாள். வெகுநேரம் கழித்து வெளிச்சம் பின்வாங்கியது. வரிசை வரிசையாகப் போய், நடுவில் சுவரோரம் ஒதுங்கியது. அளவு மனப்பாடத்தோடு பொருந்தியதும் அந்தத் தனி விளக்கு அணைந்தது.

அது தன் இடத்துக்கே போய்விட்டது. அண்ணன் தப்பித்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்வதற்காக உடனே போனில் அவனை அழைத்தாள்.

மணி ஷட்டருக்குப் பின்னால் அடித்தது.

தெருவைக் கடந்து, கையில் இரண்டு டீயோடு அண்ணன் வந்துகொண்டிருந்தான். ஓடி வந்ததில் போனைக் கீழே போட்டிருப்பான் என்று நினைத்தாள்.

மணி நின்றது. யாரோ எடுத்தார்கள்.

"பாப்பா," அண்ணனின் குரல் மூச்சு வாங்கியது. "எவ்வளவு நேரம் தட்டினேன், ஏன் திறக்கல? இப்ப நடுவுல சுவரோரம் நிக்கறேன். கால் நகர மாட்டேங்குது. வெளிய வந்தது யாரு?"

எதிரே வந்து நின்றவன் டீயைப் படியில் வைத்தான். அவள் மடியிலிருந்த சாவியை மெதுவாக எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.