பனிப்பாளத்தின் மேல் நீலச் சட்டி

முதல் பனி விழுந்த அன்று ஷெல்பி இரண்டு பெட்டிகளோடு அந்த வீட்டில் வந்து இறங்கினாள். டுவைட்டைக் கல்யாணம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவனுடைய முதல் மனைவி ஆர்லீன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கொல்லையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். டுவைட்டின் மகள் கிர்ஸ்டன். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. உள்ளே வரச் சொன்னதற்கு, "இது எங்கம்மா வீடு. நீங்க என்னைக் கூப்பிட வேண்டாம்" என்றாள்.

அவள் காலடியில் குளம் இருந்தது. இரண்டு கட்டில் அகலம், நெஞ்சளவு ஆழம். அடியில் வண்ணக் கெண்டைகள் வரிசையாக அசையாமல் நின்றன. மினசோட்டாவின் குளிரில் அவை மாதக்கணக்கில் அப்படியேதான் நிற்கும்.

"இதுங்க எங்கம்மாவோட மீனுங்க. ஏப்ரல்ல பனி உருகினதும் எடுத்துட்டுப் போயிடுவேன். இப்ப தொட்டா செத்துடும். அதுவரைக்கும் உயிரோட இருந்தாப் போதும். ஒண்ணு செத்தாலும் எனக்கு அப்பாவே கிடையாதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன்!" என்று டுவைட் காரிலிருந்து கத்தினான். "எனக்குக் காது கேக்குது."

"கேக்குதா? எப்பலேருந்து?"

அவன் கார்க் கதவை அறைந்து சாத்தினான்.

கிர்ஸ்டன் சொல்லித் தந்தாள். மிதக்கிற ஹீட்டர் பனியில் ஒரு துளையைத் திறந்தே வைத்திருக்கும். காற்றுப் பம்பை அடியில் வைக்கக் கூடாது. அடித்தண்ணீரில்தான் கொஞ்சம் சூடு தங்கியிருக்கிறது, அதைக் கலக்கிவிடும். தீனி போடக் கூடாது. கரண்ட் போனால் சமையலறைக் கதவோரம் தொங்கும் நீல எனாமல் சட்டியில் வெந்நீர் வைத்து, சட்டியோடு பனிமேல் வைக்க வேண்டும். சட்டியின் அடி வட்டமாக உருக்கிக்கொண்டு இறங்கும்.

"சுத்தியலால உடைக்காதீங்க. அந்த அதிர்ச்சியிலயே செத்துடும். மூடிக்கிட்டாலும் செத்துடும். மேல ஒரு வாய் திறந்திருந்தாத்தான் உள்ள இருக்கிற கெட்ட காத்து வெளிய போகும்."

ஷெல்பிக்கு ஒரே ஒரு ஆசைதான். மீன்கள் பிழைத்து, இந்தப் பெண் ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து தன் கையால் ஒரு காப்பி குடிக்க வேண்டும்.

டிசம்பரில் கடுங்குளிர் பிடித்தது. ஒரு காலை ஷெல்பி கொல்லைக்குப் போனாள். வெளியே இருந்த ஒரே பிளக்கில் குளத்து ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு, தன் லாரி எஞ்சின் உறையாமலிருக்க அதைச் சூடாக்கும் கம்பியைச் சொருகியிருந்தான் டுவைட். பம்பின் கம்பியும் பக்கத்தில் கிடந்தது.

இரவு முழுக்க. குளம் மூடியிருக்க வேண்டும்.

மூடவில்லை. பனிப்பாளத்தின் நடுவே ஒரு துளை. செதுக்கி எடுத்ததுபோல் சுத்தமான வட்டம். அதிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது.

புதுப் பனியில் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. சமையலறைக் கதவிலிருந்து குளம் வரை ஒரு மெல்லிய கோடு மட்டும், சாரைப்பாம்பு போன தடம்போல வளைந்து வளைந்து போயிருந்தது.

ஆணியில் தொங்கிய சட்டியைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

"நீயா சட்டி வெச்ச?" என்று டுவைட்டைக் கேட்டாள்.

அவன் முகம் மாறியது. "அந்தச் சனியனை நான் தொடமாட்டேன். நீயும் தொடாதே."

அதன்பின் அவன் ஹீட்டரை எத்தனை முறை பிடுங்கினாலும் துளை மூடவில்லை. விடிகாலையில் சமையலறையில் ஒரு வாசனை இருக்கும். புது ரப்பர் வாசனை, ஆஸ்பத்திரி வாசனை. கூடவே ஒரு சத்தம். புஸ்... புஸ்... யாரோ மூக்கால் சிரமப்பட்டு மூச்சு இழுப்பதுபோல்.

ஷெல்பி கிர்ஸ்டனுக்குப் போன் செய்தாள். "மீனெல்லாம் நல்லா இருக்கு. ஆனா பனியில ஒரு தடம் வருது. கயிறு இழுத்துட்டுப் போன மாதிரி..."



"அது கயிறில்ல" என்றாள் கிர்ஸ்டன். "எங்கம்மாவுக்கு நுரையீரல் போயிடுச்சு. எப்பவும் மூக்குல ஆக்சிஜன் குழாய். மெஷின் ஒரு மூலையில இருக்கும், அம்மா வீடு பூரா அந்த நீளக் குழாயை இழுத்துக்கிட்டே நடப்பாங்க. கரண்ட் போனா மெஷினுக்குன்னுதான் ஜெனரேட்டர் வாங்கினோம். போன பிப்ரவரி புயல்ல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் வீட்ல இல்ல. அப்பா ஏரிக்கு எடுத்துட்டுப் போயிட்டார், அந்த மீன்பிடிக் குடிசைக்கு. அம்மா போன் பண்ணிப் பண்ணிப் பாத்திருக்காங்க. அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு."

"அப்புறம்?"

"இருந்த கொஞ்ச மூச்சுல வெந்நீர் போட்டுக் கொல்லைக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் வந்து பாத்தப்போ குளத்தங்கரையில மண்டி போட்ட மாதிரி இருந்தாங்க. கை ரெண்டும் சட்டியோட ஒட்டி உறைஞ்சிருந்துச்சு. மீன் ஒண்ணுகூட சாகல."

போனை வைத்தபின் ஷெல்பிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரிப் புயல். உறைந்த ஏரிமேல் நின்ற அந்தப் பலகைக் குடிசை. பல்பு வெளிச்சம், ரேடியோவில் பாட்டு, வெளியே ஜெனரேட்டரின் உறுமல். தனக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்று டுவைட் சொல்லியிருந்தான். அவன் போன் திரும்பத் திரும்ப அடித்தது. "யாரு?" என்று கேட்டாள். "ஆபீஸ்காரனுங்க" என்று சொல்லி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான். அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டு, "இங்க எவ்வளவு கதகதப்பா இருக்கு" என்றாள்.

பிப்ரவரி மறுபடி வந்தது. புயல் வருகிறது என்று செய்தி சொன்ன காலையில் டுவைட் ஜெனரேட்டரை லாரியில் ஏற்றினான்.

"அதை விட்டுட்டுப் போ" என்றாள் ஷெல்பி.

"எதுக்கு? உன் மீன் குளிர்ல நடுங்குதா? கம்பளி போத்திவிடு."

"ஆர்லீன் செத்த அன்னிக்கும் இதைத்தான் எடுத்துட்டு வந்தியா?"

அவன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். "அன்னிக்கு நீயும்தானே கூட இருந்த. உனக்கு மட்டும் குளிரா அடிச்சுது?"

லாரி போய்விட்டது.

பிற்பகலிலேயே வெளிச்சம் மங்கியது. காற்று ஊளையிட்டது. கரண்ட் போயிற்று. பம்பின் குமிழிச் சத்தம் நின்றபோதுதான் அது இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஆணிப் பக்கம் கையை நீட்டினாள்.

ஆணி காலி.

ஜன்னல் வழியே பார்த்தாள். சட்டி பனிப்பாளத்தின் மேல் இருந்தது. ஆவி பறந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். கதவிலிருந்து குளம் வரை அதே கோடு. ஆனால் இம்முறை அது குளத்தோடு நிற்கவில்லை. கரையைச் சுற்றி, வேலிக்கு அடியில் நுழைந்து, வெட்டவெளிப் பனியில் நீண்டு போனது.

ஏரிப் பக்கம்.

உறைந்த விரல்களால் டுவைட்டுக்குப் போன் செய்தாள். உடனே எடுத்தான். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

"வெளிய வந்துடு டுவைட். இப்பவே கதவைத் திறந்து வெளிய வா!"

"என்ன உளர்ற? இங்க யாரோ கூரையைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. பக்கத்துக் குடிசைக்காரனா இருக்கும். பீர் தீந்திருக்கும், ஓசிக்கு வந்திருப்பான்."

"அது அவன் இல்ல..."

"கேக்கல. இரு."

ரேடியோவின் சத்தம் கூடியது. லைன் அறுந்தது.

மறுநாள் ஷெரீப் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினான். குடிசைக்குள் கேஸ் ஹீட்டர் எரிந்திருக்கிறது. கெட்ட காற்று வெளியே போகக் கூரையில் ஒரு துளை உண்டு. அது பனிக்கட்டியால் அடைபட்டிருந்தது. கதவும் விளிம்பெல்லாம் உறைந்து இறுகியிருந்தது. டுவைட் உள்ளேயே மூச்சடைத்துச் செத்துக் கிடந்தான்.

"உள்ளேருந்து தட்டியிருக்காரும்மா. கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சிருக்கு." கொஞ்சம் தயங்கினான். "கூரை மேல இருந்தது புயல் பனி இல்ல. கண்ணாடி மாதிரி கட்டியா, வட்டமா இருந்துச்சு. யாரோ சட்டி சட்டியா தண்ணி ஊத்தின மாதிரி. ஆனா ஒரு காலடிகூட இல்ல."

ஏப்ரலில் கிர்ஸ்டன் வந்தாள். மீன்கள் எல்லாம் உயிரோடிருந்தன. தொட்டிகளில் ஏற்றி முடித்தபின், கூப்பிடாமலே சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். ஷெல்பி காப்பி ஊற்றினாள்.

"அப்பா சாமானோட அவர் பழைய போனையும் குடுத்தாங்க" என்றாள் கிர்ஸ்டன். "போன வருஷப் புயலன்னிக்கு எடுத்த படம் ஒண்ணு அதுல இருக்கு. குடிசையில எடுத்தது. நீங்களும் இருக்கீங்க."



கிர்ஸ்டன் காப்பியைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று ஆணியைப் பார்த்தாள். "சட்டி இங்கயே இருக்கட்டும்."

அடுத்த குளிர்காலம் வந்தது. குளத்தில் மீன் இல்லை, ஹீட்டர் இல்லை. வெறும் தண்ணீர் உறைந்து கரையோடு கரை மூடிக்கொண்டது. தடமும் வரவில்லை. சட்டி ஆணியில் சில்லென்று தொங்கியது. எல்லாம் முடிந்தது என்று ஷெல்பி நினைத்தாள்.

ஒரு மாலை, விளக்குப் போடும் நேரத்தில், கொல்லையிலிருந்து சத்தம் கேட்டது.

தட். தட்.

போய்ப் பார்த்தாள். பனிப்பாளத்துக்குக் கீழே கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பிலிருந்து வெளிறிய ஏதோ ஒன்று மேலே வந்து பனியில் அழுந்தியது. நான்கு விரல் முட்டிகள். தோல் உரிந்தவை.

தட். தட். தட்.

ஒரு துளை போதும். ஒரு சட்டி வெந்நீர்.

ஷெல்பி சமையலறைக்கு ஓடிவந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். சட்டியை எடுக்கக் கையை உயர்த்தினாள்.

ரப்பர் வாசனை வந்தது.

அலமாரிமேல் இருந்த ரேடியோ தானாகப் பாடத் தொடங்கியது. அன்று குடிசையில் கேட்ட அதே பாட்டு.

கொல்லையில் தட்டுகிற சத்தம் வேகமாயிற்று. ரேடியோவின் குமிழ், யாரோ பொறுமையாகத் திருகுவதுபோல், மெல்லத் திரும்பியது. சத்தம் கூடியது. இன்னும் கூடியது. தட்டுவது கேட்காத அளவுக்குக் கூடியது.

புஸ்... புஸ்... என்று காதோரம் மூச்சு பட்டது.

ஷெல்பி கையைக் கீழே இறக்கினாள். அடுப்பை அணைத்தாள்.

சமையலறை கதகதப்பாகத்தான் இருந்தது.