சித்தம்மாவின் சிவப்பு ஸ்டிக்கர்

சித்தம்மாவின் வலது கண் பறிபோனது ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டப்பகலில், நூறு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில். யாரும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அது கண் ஆஸ்பத்திரி.

மைசூரில் அந்த ஆஸ்பத்திரிக்கு நல்ல பெயர். கொள்ளேகாலம், சாமராஜநகர் என்று எங்கெங்கிருந்தோ முதல் பஸ் பிடித்து வருவார்கள். உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவர் 'கூத்கொள்ளி' என்பார். உட்காருங்கள் என்று அர்த்தம். உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கலாம்.

மதியம் மூன்று மணிக்கு டாக்டர் வேங்கடேசன் சித்தம்மாவின் கண்ணில் டார்ச் அடித்தார். வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார்.

"இருட்டா இருக்குதுங்க," என்றாள் சித்தம்மா. "கரண்டு போயிருச்சுங்களா?"

டாக்டர் டார்ச்சை அணைத்தார்.

கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறிவிடும் நோய் அது. தலை பிளக்கும், வாந்தி வரும், சில மணி நேரத்தில் பார்வை போய்விடும். உடனே மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம். ஒன்று மட்டும் செய்யவே கூடாது. கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்தை ஊற்றக் கூடாது. சித்தம்மாவுக்கு அதை இரண்டு தடவை ஊற்றியிருந்தார்கள்.

அவளுடைய இடது கண் சின்ன வயதிலேயே முள் குத்திப் போய்விட்டது. தமிழ்நாட்டு எல்லையில் உள்ள கோபிநத்தத்தில் காட்டோரம் ஆடு மேய்ப்பவள். இருந்தது ஒரே கண். அதுவும் இப்போது இல்லை.

சொட்டு மருந்து ஊற்றியவள் ஜீவிதா. சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "நாளைக்கு வர வேண்டாம்" என்று அவளிடம் டாக்டர் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"டாக்டர், அந்தப் பொண்ணைத் துரத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாமோன்னோ?"

பங்கஜவல்லிக்கு அறுபத்து மூன்று வயது. மேல்கோட்டைப் பூர்வீகம், கன்னடமும் தமிழும் வரும். முப்பது வருஷம் போலீஸ் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் பரிசோதனைக்காகக் காலையில் வந்து, சித்தம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர், இன்னும் உட்கார்ந்துகொண்டிருந்தார். அவருக்கும் சொட்டு மருந்து ஊற்றியாகிவிட்டது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கல்.

டாக்டருக்கும் ஆள் தேவைப்பட்டது. சித்தம்மாவுக்கும் கூட வந்தவளுக்கும் தமிழ்தான் வரும். அங்கே இருந்த மற்றவர்களுக்கோ கன்னடம்தான் வரும். டாக்டருக்குத் தமிழ் வரும், வார்டில் போய் உட்கார்ந்து விசாரிக்க நேரம்தான் இல்லை. தமிழ்க் குடும்பம் என்று பேர் இருந்த ஜீவிதாவுக்கே தமிழ் அரைகுறை.

"ரெண்டு பேர்கிட்டயும் பேசிச் சொல்லுங்கோ மேடம்," என்றார் டாக்டர். "இந்த ரூல்ஸ் பேப்பரைப் படிச்சேள்னா..."

"எதையும் படிக்க முடியாது. உங்க மருந்தோட மகிமை. வாயால சொல்லுங்கோ."

டாக்டர் சொன்னார். இங்கே கூடத்தில் ஆளைப் பிரிப்பது ஸ்டிக்கரை வைத்து. சாதாரண நோயாளிக்கு, மருந்து ஊற்ற வேண்டிய கண்ணின் புருவத்துக்கு மேலே பச்சை. அவசர நோயாளிக்கு நடு நெற்றியில் சிவப்பு. இரண்டும் வட்டமான காகிதத் துண்டுகள். சிவப்பைக் கண்டால் சொட்டு மருந்து ஊற்றக் கூடாது, நேரே உள்ளே அனுப்ப வேண்டும். பைல் எல்லாம் உள்ளே கம்ப்யூட்டரில் இருக்கும். வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிவது நெற்றி மட்டும்தான்.

"கேமரா இருக்குமே?"

"இருக்கு. பணம் கட்டற கவுண்டரைப் பாத்துண்டிருக்கு."

"அது சரி," என்றார் பங்கஜவல்லி.

முதலில் வாசல் நர்ஸ் கௌரம்மா. கன்னடத்தில் படபடவென்று பேசினாள். சித்தம்மா வந்ததும் வியாதி என்னவென்று தனக்குத் தெரிந்துவிட்டது, சிவப்பு ஸ்டிக்கரைத் தன் கையால் நடு நெற்றியில் ஒட்டினேன் என்றாள்.

"எதுக்கு ஒட்டறேன்னு அவகிட்ட சொன்னியா?"

"இல்லை மேடம். பின்னாடி அவ்வளவு பெரிய வரிசை."

"எடுக்கக் கூடாதுன்னு சொன்னியா?"

கௌரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து ஜீவிதா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"தேவராணே, சாமி சத்தியமா சொல்றேன் மேடம், நான் வரும்போது நெத்தில ஒண்ணும் இல்ல. வெறும் நெத்தி. அதனாலதான் பச்சை ஒட்டி டிராப்ஸ் ஹாக்கினேன், ஊத்தினேன். சிவப்பு இருந்தா தொடவே மாட்டேன்."

"நீ ஒட்டின பச்சை?"

"அது இன்னும் அங்கேயே இருக்கு, புருவத்து மேல."

"யாராவது சிவப்பைத் திருடியிருப்பான்னு நினைக்கறியா?"

ஜீவிதா தயங்கினாள். முன் வரிசையில் பவன் என்று ஒரு பையன் இருந்தான், பிற்பாடு நெற்றியில் சிவப்போடு குடுகுடுவென்று உள்ளே போனான் என்றாள். வந்தபோது இருந்ததா என்று தனக்கு நினைவில்லை என்றாள். டாக்டர் முகம் மலர்ந்தது. ஆனால் கௌரம்மா குறுக்கே வந்தாள். வெல்டிங் பட்டறையில் கண்ணில் இரும்புத் தூள் தெறித்து வந்த பையன் அவன், அவனுக்கும் தானே ஒட்டினேன் என்றாள். அந்த வழி அத்தோடு அடைபட்டது.

சித்தம்மாவை வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். பங்கஜவல்லி கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. கழுத்தும் வெறுமை, கையும் வெறுமை என்பது மட்டும் புரிந்தது.

"காலைல நெத்தில என்னவோ ஒட்டினாளே, ஞாபகம் இருக்கா?"

"ஒட்டுனாங்க. என்னன்னு தெரியலீங்க. அந்நேரத்துக்கே கண்ணு பாதி மூடிப்போச்சு. தலைய வெட்டித் தூரப் போட்டா தேவலைங்கற மாதிரி வலி."

"நீங்க பிச்செடுத்தீங்களா?"

"நான் எதுக்குங்க எடுக்கறேன்? கண்ணு நல்லாவட்டும்னுதான ஒட்டறாங்க."

கூட வந்தவள் கெம்பம்மா, சித்தம்மாவின் புருஷனுக்குத் தங்கை. சித்தம்மாவை 'நங்கை' என்று கூப்பிட்டாள். அண்ணன் பெண்டாட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளை வராந்தாவில் நிறுத்திப் பங்கஜவல்லி கேட்டார்.

"காலைல எங்கே இருந்தீங்க?"

"பணங் கட்டற வரிசையிலதானுங்க நின்னேன். நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு. பத்தரைக்கு மேலதான் திரும்பி வந்தேன். அப்ப நங்கை வாந்தி எடுத்துட்டு இருந்தா. பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி மூஞ்சி கழுவி உட்டேன்."

"அண்ணா ஊர்ல இருக்காரா?"

"அண்ணன் மாரிசாமி போயிச் சேந்து மூணு மாசமாச்சுங்க." கெம்பம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி இருப்பது பங்கஜவல்லிக்கு மங்கலாகத் தெரிந்தது.

பங்கஜவல்லி அதற்குமேல் கேட்கவில்லை. நேரே பெண்கள் பாத்ரூமுக்குப் போனார். மத்தியானம் ஒரு தடவை போயிருந்தார். அப்போது முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் சின்னச் சின்னதாகச் செம்புள்ளிகள் தெரிந்தன. முகம் கழுவும் பெண்கள் நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவார்கள், திரும்ப எடுக்க மறந்து போவார்கள். எந்த வீட்டுக் கண்ணாடியிலும் இருப்பதுதான். அதனால் அவர் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

இப்போதும் பார்க்க முடியாது. விரலால் தொட்டார். வழவழவென்று வெல்வெட்டுப் பொட்டு. அடுத்ததும் வெல்வெட்டு. அதற்கடுத்ததும். கடைசியில் விரல் நின்றது. அது கொஞ்சம் பெரியது, காகிதம், ஓரத்தில் ஈரம் பட்டுச் சுருண்டிருந்தது.

ஜீவிதாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது நம்ம சிவப்பு ஸ்டிக்கர்தான் மேடம்," என்றாள் அவள்.

நாலரை மணிக்கு டாக்டர் அறையில் எல்லோரும் கூடினார்கள். சித்தம்மா மட்டும் வார்டில் இருந்தாள்.

"கௌரம்மா சொன்னது நிஜம்," என்று ஆரம்பித்தார் பங்கஜவல்லி. "ஜீவிதா சொன்னதும் நிஜம். ஒருத்தி ஒட்டினா, இன்னொருத்தி வரச்சே அது இல்லை. நடுவுல யாரோ எடுத்திருக்கா. யாரு? திருடறவளா இருந்தா தன் நெத்தில ஒட்டிண்டிருப்பா. குப்பைன்னு நினைச்சவளா இருந்தா கசக்கிக் கீழே போட்டிருப்பா. பத்திரமா கண்ணாடி ஓரத்துல ஒட்டியிருக்கு. அங்கே எதை ஒட்டுவா? பொட்டை. எடுத்தவ அதை ஸ்டிக்கர்னே நினைக்கலை."

பங்கஜவல்லி மேலே தொடர்ந்தார்.

"பச்சையை யாரும் தொடலை. அது புருவத்து மேல, ஓரமா இருக்கு, பச்சையா இருக்கு. பொட்டு மாதிரி இல்லை. சிவப்பு நடு நெத்தில இருந்தது. சித்தம்மாவுக்கு அது என்ன நிறம்னுகூடத் தெரியாது. தெரிஞ்சவ, அவளுக்குப் பொட்டு ஆகாதுன்னு நினைச்சவ, அவ மூஞ்சியைக் கழுவி விட்டவ ஒருத்திதான்."

எல்லோரும் கெம்பம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் மறுக்கவில்லை. "நாந்தானுங்க," என்றாள். "அண்ணன் செத்து மூணு மாசங்கூட முழுசா ஆவல. நடு நெத்தில செவப்பா வச்சுட்டு உக்காந்திருந்தா பாக்கற சனம் என்ன பேசும்? வந்த எடத்துல எவளோ தெரியாம வச்சு உட்டுட்டாளேன்னு நெனச்சேன். நங்கைக்குத்தான் அவமானமுன்னு எடுத்தேன். கண்ணு போவும்னு எனக்கு யாருங்க சொன்னாங்க? ஒருத்தராச்சும் சொன்னாங்களா?"

அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஜீவிதா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

டாக்டர் வேங்கடேசன் நீளமாக மூச்சு விட்டார். "அப்போ ஜீவிதா மேல தப்பில்லை. ஆஸ்பத்திரி மேலயும் தப்பில்லை. ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

"நான் இன்னும் முடிக்கலை," என்றார் பங்கஜவல்லி. "நான் ஒன்பது மணிக்கு வந்தேன். அப்போ எனக்கு மருந்து ஊத்தலை, கண்ணு நன்னாத் தெரிஞ்சது. பக்கத்துல இந்த அம்மா நடு நெத்தில சிவப்போட முனகிண்டிருந்தா. நானும் பொட்டுன்னுதான் நினைச்சேன். கெம்பம்மா அதை எடுத்தது பத்தரைக்கு மேல. அந்த ஒன்றரை மணி நேரம் சிவப்பு அங்கேயேதானே இருந்தது? சிவப்பைக் கண்டா உடனே உள்ளேன்னு சொன்னேளே. யாரு வந்தா?"

"பேஷண்ட் லோட் மேடம். ரெண்டு டாக்டர் கேம்ப்புக்குப் போயிருந்தா. நான் ஒருத்தன். பவனையே பதினோரு மணிக்குத்தான் பார்த்தேன்."

"அப்போ கெம்பம்மா எடுக்காம இருந்திருந்தாலும்?"

"மருந்தாவது ஊத்தியிருக்க மாட்டா."

"கண்ணு?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "சொல்ல முடியாது," என்றார். கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாதவர். ஆனால் மேலிடத்துக்கு இன்று இரவே பதில் அனுப்ப வேண்டும், அதில் என்ன எழுதப் போகிறார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நோயாளியுடன் வந்த பெண் ஸ்டிக்கரை அகற்றினாள். அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே பங்கஜவல்லி.

பங்கஜவல்லி எழுந்துகொண்டார். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார், ஒரு நாளும் இப்படி வெட்கமாக இருந்ததில்லை. ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றப் போய், இன்னொரு பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டார். கூடத்து வரிசைக்குக் கைரேகை கிடையாது. அதை எந்த ஸ்டேஷனுக்கும் இழுத்துப் போக முடியாது. வெளியே 'கூத்கொள்ளி' என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கெம்பம்மா நேரே வார்டுக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. பங்கஜவல்லி வாசலில் நின்றார். சித்தம்மாவுக்கு வலி குறைந்திருந்தது. கெம்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.



"என்னையக் கேட்டிருக்கலாமுல்ல, கெம்பி?" என்றாள் சித்தம்மா.

"நங்கை..."

"கேட்டிருந்தா இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லியிருப்பேன். எனக்குப் பொட்டுன்னா ஆசைதான். உங்கண்ணன் செத்தன்னிக்கு அழிச்சீங்களே, அன்னிக்கும் ஒருத்தரும் என்னையக் கேக்கல."

சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கெம்பம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து சித்தம்மாவுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. தானாகவே எழுந்தாள். காலைத் தரையில் வைத்து நின்றாள். முன்னால் என்ன இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கை காற்றில் துழாவியது.

"ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா?"

பங்கஜவல்லி அடி எடுத்து வைப்பதற்குள் கெம்பம்மா வாய் திறக்காமல் தன் கையை நீட்டினாள். சித்தம்மா அதைத் தடவிப் பார்த்தாள். யாருடைய கை என்று தெரிந்துகொண்டாள். விட்டுவிட்டாள். வேறு யாராவது வருகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பங்கஜவல்லி வாசலை விட்டு நகரவில்லை. பிறகு சித்தம்மா மறுபடியும் துழாவி, அதே கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.