ஏழாவது காற்றாலை நிற்கிறது!

போன் அலறியது.

ஜினிஷா எடுக்கவில்லை.

ஞாயிறு மாலை நாலே முக்கால். 'நாஞ்சில் பிளேயர்ஸ்' குழுவில் நாலாயிரம் பேர் அவளுடைய வாரச் செய்திக்காகக் காத்திருந்தார்கள். எந்த கேம் எப்போது வருகிறது, எது தள்ளிப்போகிறது, எந்த அப்டேட்டில் எது கெட்டுப்போனது... எல்லாம் அவள்தான் எழுதுவாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற பெண். கீபோர்டில் மட்டும் புலி!

போன் மறுபடியும் அலறியது.

எடுத்தாள்.

"ஏட்டி..." தோழி பிளஸ்ஸியின் குரல் உடைந்திருந்தது. "ஆன்ஸ்லின் போயிட்டான்டி!"

"எங்க?"

"செத்துப் போயிட்டான்டி! மொட்டை மாடியில இருந்து குதிச்சிட்டானாம். எலிசா மாமி சர்ச் கூட்டம் முடிஞ்சி வந்து பாத்தா... கொல்லையில, பலா மரத்தடி மூட்டுல..."

ஜினிஷாவின் கண்கள் திரையில் நிலைத்தன.

குழுவின் உச்சியில் அவள் எழுதி ஒட்டி வைத்த செய்தி!

'ஆரல் கேமை லீக் செய்தது ஆன்ஸ்லின்! ஏழாவது காற்றாலையே சாட்சி!'

*

'ஆரல்' உள்ளூர் கேம். ஆரல்வாய்மொழிக் கணவாய், வரிசையாகக் காற்றாலைகள், நடுவே துப்பாக்கிச் சண்டை. நாகர்கோவிலில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் சுதீஷ் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தான். இன்னும் வெளிவரவில்லை. ஆடிப் பார்த்துக் குறை சொல்லப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் பிரதி கொடுத்திருந்தான். ஜினிஷாவின் நண்பன் ஆன்ஸ்லினும் அதில் ஒருவன்.

கொடுத்ததிலும் ஒரு தந்திரம்.

ஒவ்வொருவர் பிரதியிலும் ஒரு காற்றாலை சுற்றாது! ஒருவருக்கு ஒன்றாவது. இன்னொருவருக்கு இரண்டாவது. யாராவது வெளியே விட்டால், நிற்கிற காற்றாலை காட்டிக்கொடுத்துவிடும்.

வியாழக்கிழமை வீடியோ வெளியே வந்தது. அரை மணி நேரத்தில் சுதீஷ் அதை நீக்க வைத்தான். அதிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்து ஜினிஷாவுக்கு அனுப்பினான். ஏழாவது காற்றாலையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

"ஏழாவது நிக்குது பாத்தியா? அது ஆன்ஸ்லினுக்க காப்பி. போடு மக்கா."

போட்டாள்.

மூன்று நாட்கள்! திருடன், துரோகி, காட்டிக்கொடுத்தவன்... நாலாயிரம் பேரும் அவனைக் கிழித்தார்கள். அவன் அம்மாவின் படத்தைக்கூட விடவில்லை.

ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆன்ஸ்லின் கூப்பிட்டிருந்தான்.

"ஏட்டி, நீ வீடியோவைப் பாத்தியா? இல்ல அந்தப் படத்தை மட்டும் பாத்தியா?"

"உனக்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டாள். அவன் எண்ணையும் மியூட்டில் போட்டாள்.

அதுதான் கடைசி.

*

திங்கட்கிழமை காலை. தக்கலை. ஆன்ஸ்லின் வீடு.

ஆனிக் காற்று பலா மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரோரம் ஒரு பெரிய மலர் வளையம். 'கண்ணீருடன் ஆரல் குடும்பம்.'

ஜினிஷாவுக்கு அதைக் காலால் எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது.

ஆன்ஸ்லினின் அம்மா எலிசா அவளைப் பார்த்ததும் எழுந்தாள். அடிப்பாள் என்றுதான் ஜினிஷா நினைத்தாள். எலிசா அடிக்கவில்லை.

"எனக்க மவன் குதிக்கல மக்கா."

"மாமி..."

"மத்தியானம் மீன் கறி கேட்டான். கூட்டம் முடிஞ்சி வந்து வைக்கியேன்னு சொன்னேன். மீன் கறி கேட்டவன் குதிப்பானா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். தற்கொலைன்னா அவனுக்க அப்பா பக்கத்துல வைக்க முடியாது, கல்லறைத் தோட்டத்து ஓரத்துலதான் இடம்னு சபைக் கமிட்டில பேசுதாவ. அவன் ஓரத்துல கெடக்க வேண்டியவனா, சொல்லு?"

இன்ஸ்பெக்டர் வள்ளிநாயகம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஐம்பத்து மூன்று வயது. தொப்பை. தூங்குமூஞ்சி.

"பாருங்கம்மா, மூணு மணிக்கு ஏதோ விளையாட்டு வச்சிருக்கானுவ. உங்க பையன் மூணே முக்கால் வரைக்கும் அதுல இருந்திருக்கான். முடிக்கும்போது அதுலயே 'மன்னிச்சிருங்க, நாந்தான் செஞ்சேன்'னு எழுதியிருக்கான். அப்புறம்தான் மாடிக்குப் போயிருக்கணும். நீங்க வந்தது நாலரை. வீட்டுல வேற ஆளே இல்ல."

"நாங்க யாருமே பக்கத்துல இல்லாமப் போயிட்டோமே!" என்றது ஒரு குரல்.

சுதீஷ். கறுப்புச் சட்டை. சிவந்த கண்கள்.

"நான் நேத்து ரெண்டரைக்கே நாகர்கோவில்ல கல்யாண மண்டபத்துக்குப் போயிட்டேன் சார். ராத்திரி வரைக்கும் அங்கதான். தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன்."

யாரும் கேட்காமலே சொன்னான்.

ஜினிஷா உள்ளே போனாள். ஆன்ஸ்லினின் அறை. கம்ப்யூட்டர். அவன் நாற்காலி. போனைத் திறந்தாள்.

குழு சிரித்துக்கொண்டிருந்தது!

'கேம் ஓவர்.'

'மாடியில ஜம்ப் பட்டன் வேலை செஞ்சிருக்கு போல!'

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுதியவனைக் குழுவிலிருந்து பேன் பண்ணினாள். அடுத்தவன். பேன். அதற்கடுத்தவன். பேன்! பத்தொன்பது பேரைத் தூக்கி எறிந்தாள்.

இருபதாவது... 'தோவாளைப்பூ.'

அந்த ஆளைக் குழுவுக்கே தெரியும். பன்னிரண்டு பேரில் ஒருவர். ஆட்டத்தில் நின்ற இடத்திலேயே சுடப்பட்டுச் சாவார். தினமும் ஒரே கேள்வி கேட்பார். 'குனிவதற்கு எதை அமுக்க வேண்டும்?' விளையாடத் தெரியாதவர்களுக்கும் கேம் புரிகிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும் என்றுதான் சுதீஷ் அவரைச் சேர்த்திருந்தான்.

இப்போது எழுதியிருந்தார்.

'நேற்று ஆட்டம் தொடங்கியதும் ஆன்ஸ்லின் தம்பி வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாரே, ஏன்?'

"செத்தவன்கிட்ட உனக்கும் நையாண்டியா!"

பேன்!

போனைக் கட்டிலில் எறிந்தாள்.

எறிந்த கை அப்படியே நின்றது.

வானத்தையே பார்த்துக்கொண்டு...?

ஆன்ஸ்லினின் கம்ப்யூட்டரில் யார் உட்கார்ந்தாலும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள்! அவன் மவுஸ் தலைகீழ். கீழே இழுத்தால் மேலே பார்க்கும். மேலே தள்ளினால் கீழே பார்க்கும். பத்து வயதிலிருந்தே அவனுக்கு அப்படித்தான் பழக்கம். பிளஸ்ஸி ஒருமுறை உட்கார்ந்துவிட்டு, "லேய், எனக்குக் கழுத்து சுளுக்குதுலே!" என்று கத்தியிருக்கிறாள்.

ஆனால் ஆன்ஸ்லின் பார்க்க மாட்டானே!

நாற்காலியில் உட்கார்ந்தாள். 'ஆரல்' அவன் பெயரில் திறந்தது. மவுஸை மேலே தள்ளினாள்.

மேலே பார்த்தது!

மறுபடியும் தள்ளினாள். மேலே... மேலே!

யாரோ மாற்றியிருக்கிறார்கள். தலைகீழாக ஆட முடியாத யாரோ!

போனைப் பாய்ந்து எடுத்தாள். ஆன்ஸ்லினின் எண். மியூட்டை எடுத்தாள். ஞாயிறு பகல் பன்னிரண்டே காலுக்கு அவன் அனுப்பிய வீடியோ, திறக்கப்படாமல் கிடந்தது. லீக்கான அதே வீடியோ. நீக்குவதற்கு முன் சேமித்து வைத்திருக்கிறான்.

ஓட விட்டாள்.

ஒன்று சுற்றியது. இரண்டு சுற்றியது. ஆறு... ஏழு...

ஏழும் சுற்றியது!

பன்னிரண்டும் சுற்றின. ஒன்றுகூட நிற்கவில்லை. ஒன்றுகூட நிற்காத பிரதி உலகத்தில் ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. செய்தவனிடம்!

கீழே ஆன்ஸ்லின் ஒரு வரி எழுதியிருந்தான்.

'போட்டோவுல எந்தக் காத்தாடிடி சுத்தும்?'

ஜினிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு படம். அசையாத ஒரு படம். அதில் பன்னிரண்டும்தான் நிற்கும்! அதை வைத்து ஒருவனைத் திருடன் என்று எழுதிவிட்டாள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். முதல் வகுப்பு!

*

வெளியே ஓடி வந்தாள். சுதீஷ் போயிருந்தான். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சார்! நேத்து விளையாடினது ஆன்ஸ்லின் இல்ல. அவனுக்க மவுஸ் தலைகீழ். யாரோ நேராக்கியிருக்காவ!"

"மவுஸா? பிள்ளே, எனக்குச் சீட்டாட்டமே தெரியாது."

"சுதீஷ் சார்! பாஸ்வேர்டு இல்லாம யாருக்க அக்கவுண்ட்லயும் அவனால நுழைய முடியும். அவன்தானே கேம் செஞ்சவன்!"

"அவரு மண்டபத்துல இருந்திருக்காரு."

"மண்டபத்துல லேப்டாப் வச்சிருக்கக் கூடாதா?"

"வீட்டுக்குப் போம்மா."

"போவ மாட்டேன்!" அவள் வாழ்க்கையில் ஒரு போலீஸ்காரரிடம் கத்தியது அதுதான் முதல் முறை. "அவன்கிட்டயே போய்க் கேக்குதேன். நீங்க போய்த் தூங்குங்க!"

வள்ளிநாயகம் கொட்டாவி விட்டார்.

*

நாகர்கோவில். இரண்டாம் மாடி. ஸ்டூடியோவில் சுதீஷ் மட்டும் இருந்தான்.

"வா ஜினிஷா. ஒரு இரங்கல் செய்தி எழுதணும். நீதான் நல்லா..."

"ஏழாவது காத்தாடி சுத்துதே, அண்ணே!"

சுதீஷின் புன்னகை அப்படியே நின்றது.

"எந்த ஏழாவது?"

"வீடியோவுல. அவன் சேமிச்சி வச்சிருந்தான். பன்னிரண்டும் சுத்துது. உங்க காப்பி! உங்க கேமை நீங்களே லீக் பண்ணினிய!"

"சத்தம் போடாத."

"போடுவேன்! நேத்து மத்தியானம் அவன் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பான். நீங்க தக்கலைக்குப் போனிய. பேச மாடிக்குக் கூப்பிட்டுப் போயிருப்பான். தள்ளிட்டு நேரா மண்டபம்! அங்க இருந்து அவன் பேர்ல ஆடினிய."

சுதீஷ் சிரித்தான்.

"கதை நல்லாருக்கு. ஆதாரம்?"

"அவன் மவுஸ் தலைகீழ். உங்களால அப்படி ஆட முடியல. ஆட்டம் தொடங்கினதும் வானத்தைப் பாத்திய. அப்புறம் செட்டிங்ஸை மாத்தினிய. திரும்ப மாத்த மறந்திட்டிய!"

"சனிக்கிழமை அப்டேட் விட்டேன். எல்லாருக்கும் செட்டிங்ஸ் பழையபடி ஆகியிருக்கும்."

"அப்போ அவன் பெரிசாக்கி வச்ச எழுத்து மட்டும் எப்படி அப்படியே இருக்கு? பாட்டை அணைச்சி வச்சிருந்தான். அதுவும் அப்படியே இருக்கு. மவுஸ் மட்டும் மாறுமா?" அவள் மேசையைத் தட்டினாள். "செட்டிங்ஸ் மெஷினோட இல்ல, அக்கவுண்டோடதான் போகும், எந்த ஊர்ல உக்காந்தாலும் உங்க வசதி உங்க கூட வரும்னு பேட்டி கொடுத்தியளே! அந்தச் செய்தியையும் நாந்தான் போட்டேன்!"

ஜன்னல் காற்றில் படபடத்தது.

சுதீஷ் எழுந்து கதவைச் சாத்தினான்.

"மூணு வருஷம்!" பல்லைக் கடித்தான். "மூணு வருஷம் கண்ணு முழிச்சேன். ஒருத்தன் பேசல. நீயே ஒரு வரிதான் போட்ட. லீக்குன்னு சொன்ன அன்னைக்குத்தான் ஊரே என் கேமைப் பேசிச்சி! ஒரு திருடன் தேவைப்பட்டான். அவ்வளவுதான். ரெண்டு வாரத்துல மறந்திருப்பானுவ. அவன்தான் கேக்கல. செய்தி போடுவேன்னு நின்னான்."

"அதுக்காகத் தள்ளுவியாலே?"

மரியாதை போய்விட்டது. இரண்டு பேருமே கவனித்தார்கள்.

"நான் தள்ளினது ஒரு தடவை. நீ மூணு நாளா தள்ளின! அவனைத் திருடன்னு எழுதினது யாரு? நீ!"

"ஆமா. நாந்தான்!" ஜினிஷா ஒரு அடி முன்னால் வந்தாள். "அதையும் எழுதுவேன். எனக்க பேரைப் போட்டே எழுதுவேன். ஆனா அவன் அப்பா பக்கத்துல கெடக்கணும். அதுக்கு நீ உள்ள போகணும்!"

"எப்படிப் போவேன்?" சுதீஷ் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தான். விரல்கள் பறந்தன. "சர்வர் எனக்கது. நேத்தைய பதிவு எல்லாம்... இதோ... போச்சி! அவன் அக்கவுண்ட்... போச்சி! இப்போ போய் யார்ட்ட வேணும்னாலும் மவுஸ் கதை சொல்லு!"

கதவு திறந்தது.

"எல்லாத்தையும் அழிச்சாச்சா தம்பி?"

வள்ளிநாயகம்! பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"நல்லது. கொலைக் கேஸோட, சாட்சியை அழிச்ச கேஸும் சேந்தாச்சி. கையை மேல தூக்கு. அந்த மெஷினைத் தொடாத!"

சுதீஷ் வெளுத்துப்போனான். "சார், ஆதாரம் இல்லாம..."

"மண்டபத்து பார்க்கிங்ல கேமரா இருக்கு. காலையிலயே ஆள் விட்டுப் பாத்தாச்சி. மூணு மணியில இருந்து மூணே முக்கால் வரைக்கும் காருக்குள்ள லேப்டாப்பைக் கட்டிப் பிடிச்சிட்டு இருந்திருக்க. உள்ள பந்தி நடக்குது, நீ மட்டும் வெளிய என்னத்தைத் தின்ன?"

விலங்கு மாட்டப்பட்டது. சுதீஷைப் படியில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஜினிஷா இன்ஸ்பெக்டரை முறைத்தாள். கோபம் இன்னும் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை.

"கேமரா பாத்திருக்கிய. அப்போ தெரிஞ்சிட்டே என்னைய விரட்டினியளா?"

"அவன் கையாலயே அழிக்கணும்னு காத்திருந்தேன். நீ போய்க் கத்தினா அழிப்பான்னு தெரியும். கதவுக்கு வெளிய நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன் பிள்ளே."

"தூண்டில்ல புழுவா நான்?"

"திட்டு. திட்டு வாங்க வேண்டிய வேலைதான்." வள்ளிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "சபை செயலாளர் நேசையன்ட்ட பேசிட்டேன். நாளைக்கு அப்பா பக்கத்துலயே அடக்கம்."

ஜினிஷாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்தாள்.

"மண்டபத்து கேமராவைப் பாக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சி? கேம் பத்தி எதுவுமே தெரியாதுன்னிய?"

வள்ளிநாயகம் படியில் கான்ஸ்டபிள்கள் போய்விட்டார்களா என்று எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து மூணு மணி ஆட்டத்துல நானும் நின்னேன். எனக்கு எதிர்லதான் அவன் வானத்தைப் பாத்துட்டு நின்னான். அதைத்தான் குழுவுல கேட்டேன். நீ பதில் சொல்லாம..." தொப்பியைச் சுழற்றினார். "பேன் பண்ணிட்ட."

ஜினிஷா போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார்... தோவாளைப்பூ... நீங்களா!"

"சத்தமாச் சொல்லாத, ஸ்டேஷன்ல மானம் போயிரும்! சட்டுன்னு அந்த பேனை எடுத்து விடு மக்கா. கொலைகாரனைப் பிடிச்சாச்சி... ஆனா குனியதுக்கு எதை அமுக்கணும்னு இன்னும் ஒருத்தனும் சொல்லல!"