பின்கட்டில் பொங்கிய பால்

காலைச் சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போகுமுன் திலகவதி பக்கத்து வீட்டு மதிலை ஒருமுறை நோட்டம் விட்டாள். சேவியரின் தலை தெரியவில்லை. தெரியாததனாலேயே நம்பிவிட முடியுமா?

கடற்கரை ஊர்களைக் கடல் விழுங்கிய பிறகு சனம் வந்து குவிந்த திருச்சியில் மனைக்கு ஒரு வீடுதான் என்று மனை வாரியம் விதி போட்டிருந்தது. கொல்லையில் துணைக்கட்டு எழுப்பலாம், சாமான் அடுக்கலாம், படுத்துத் தூங்கவும் செய்யலாம். அடுப்பு மட்டும் மூட்டக் கூடாது. மூட்டினால் அது இரண்டாவது வீடு. இடித்துவிட்டு, இருப்பவர்களை எங்கோ பொட்டல் காட்டில் கட்டிய தொகுப்புக் குடியிருப்புக்கு ஏற்றிவிடுவார்கள். சமையல் வாசனையைப் பிடிக்க மனைக்கொரு சென்சார் உண்டு, 'மனைமூக்கு' என்பார்கள். அது பாதி நாள் பழுது என்பது ஊரறிந்த சங்கதி. அக்கம்பக்கத்து மூக்குக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

போன வாரம்தான் மகன் கதிரவனும், பிள்ளை உண்டாகியிருந்த மருமகள் இளநகையும் துணைக்கட்டுக்குக் குடிபோனார்கள். இன்று, வாரியம் வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த வாசல் பலகை பேசியது: அங்கே அடுப்பு எரிந்ததாகத் தகவல், நாளை அதிகாரி வருவார்.

தகவல் சொன்னது யார்? குடிபோன அன்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, விசேஷமா அக்கா என்று சிரித்தவன் சேவியர்தானே! அந்தச் சிரிப்பே சரியில்லை. அவனுடைய துணைக்கட்டில் கால் விளங்காத அண்ணன் அமலன் இருந்தான். சாயங்காலமானால் அங்கிருந்து காபி மணக்கும். தெரியாமல் பழி போடாதே என்று கதிரவன் எவ்வளவோ தடுத்தான். தனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டும் போகவேண்டுமே. அமலன் இருக்கும் துணைக்கட்டிலும் அடுப்பு எரிகிறது என்று திலகவதி வாசல் பலகையிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அதிகாரி வந்தாள். யார் எங்களைக் காட்டிக்கொடுத்தது என்று திலகவதி முதலில் கேட்டாள்.

"யாரும் இல்லம்மா, மனைமூக்குதான். பால் பொங்கின வாசனை. குடிபோன அன்னிக்குப் பால் காய்ச்சினீங்களா?"

திலகவதி துணைக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். மகன் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், பால் காய்ச்சாத வீடு விளங்காது என்று அடுப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனவளே அவள்தான்.

"பயப்படாதீங்க. மெஷின் சொன்னா முதல் தடவை எச்சரிக்கையோட விட்டுடுவோம். மனுஷங்க சாட்சி சொன்னாத்தான் இடிக்கணும்."

"அப்ப நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"அது முடியாதும்மா."

மதியம் வாரியத்து வண்டி வந்து அமலனை ஏற்றிக்கொண்டது. சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போன திலகவதியைப் பார்த்துச் சேவியர் மதிலோரம் வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"யாரோ சொல்லிட்டாங்க அக்கா. யாருன்னு தெரியல. உங்க புள்ளைங்களைப் பத்திரமாப் பாத்துக்கங்க. யார் வந்து கேட்டாலும் நான் எதையும் பாக்கலைன்னு சொல்லிடுவேன்."

திலகவதி கையிலிருந்த சாப்பாடு ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றாள்.