பாதி வகுப்பு

உமா மகேஸ்வரியும் ப்ரியங்காவும் மூச்சிரைக்க மைதானத்துக்கு ஓடி வந்தார்கள். அந்தமானின் பெரார்கஞ்ச் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் தத்தா சார் முகத்தைச் சுளித்தார்.

"ஃபிர் லேட்? மறுபடியும் லேட்டா? பசங்க டீம் எடுத்தாச்சு. நாளைக்கும் லேட்டா வந்தா, போர்ட் பிளேர் போட்டிக்குப் பொண்ணுங்க டீமே கிடையாது. உங்களுக்கு ஃபுட்பால்ல அக்கறையே இல்ல."

உமாவுக்குக் காது சூடானது. அக்கறை இல்லையா? கடைசி மணி அடித்ததும் பையன்கள் பந்தோடு வெளியே ஓடிவிடுவார்கள். பெண்கள் மட்டும் வகுப்பைக் கூட்டிவிட்டு வர வேண்டும். துடைப்பத்தையும் கொடுத்துவிட்டு, தாமதம் என்று பழியும் சொல்வதா?

மறுநாள் மணி அடித்தது. பையன்கள் ஓடினார்கள்.

"நாம உட்கார்ற பக்கத்தை மட்டும் கூட்டுவோம். ஜல்தி" என்றாள் உமா.

வேலை சீக்கிரமே முடிந்தது. கிளம்பும்போது வாசலில் வகுப்பாசிரியர் கிருஷ்ணமூர்த்தி சார் நின்றார்.

"என்னம்மா, பாதி அப்படியே கிடக்கு?"

"எங்க பக்கம் முடிஞ்சுது சார்."

பையன்கள் பக்கம் கடலைத் தோலும் பென்சில் சீவலுமாகக் கிடந்தது.

"அதையும் கூட்டினா என்ன? பொண்ணுங்க வேலைதானே?"

 உமா தலை குனியவில்லை.

"அந்தக் குப்பையை நாங்க போடல சார். தினமும் அதைக் கூட்டித்தான் எங்களுக்கு லேட் ஆகுது. லேட்டா போனா டீம் கிடையாதுங்கறாங்க. இது என்ன சார் நியாயம்?"

பின்னால் நின்ற பெண்கள் யாரும் அசையவில்லை. சார் அவர்களைப் பார்த்தார். கடலைத் தோலைப் பார்த்தார். 

அந்த நேரம் பார்த்து, மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க வகுப்புப் பையன் முத்துராஜ் வந்தான்.

"முத்துராஜ், பசங்களைக் கூப்பிடு. உங்க பக்கத்தைக் கூட்டிட்டுப் போங்க."

"எனக்குக் கூட்டத் தெரியாதே சார்."

"எனக்கும் பிறக்கும்போது தெரியாது" என்று உமா துடைப்பத்தை நீட்டினாள். முத்துராஜ் அதைத் தலைகீழாகப் பிடித்தான். அவள் அதை நேராகத் திருப்பி அவன் கையில் கொடுத்தாள்.

பிறகு பெண்கள் ஓடினார்கள். மைதானத்தில் தத்தா சார் அப்போதுதான் விசிலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அரே, எல்லாரும் வந்தாச்சா? சரி, வரிசையா நில்லுங்க. பொண்ணுங்க டீமை எடுத்துடலாம்." அவர் சுற்றிலும் பார்த்தார். "பசங்க எங்கே?"

"கூட்டிக்கிட்டு இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு, உமா பந்தை ஓங்கி உதைத்தாள்.