ஜெயசீலியின் பழைய நகல்

காலை ஆறு மணிக்கே நினைவு வில்லை வாங்க வரிசை கட்டிவிடுவார்கள். பல் தேய்க்காதவர்கூட வந்துவிடுவார். மூளைக்காய்ச்சல் வந்துபோன பிறகு எங்கள் அடுக்ககத்தில் யாருக்கும் நினைவு தலையில் தானாகத் தங்குவதில்லை. மாடிக்கொரு கணினி, எல்லாம் சேர்ந்து ஒரே பொதுநினைவகம். வில்லையைச் சட்டையில் குத்தியதும் மற்றவர்கள் செய்த திருத்தங்கள் உள்ளே இறங்கும். அன்று நடப்பது சேமிப்பில் ஏறும். குத்தாதவருக்கு அன்றைய நாள் தூக்கத்தோடு போய்விடும்; கடைசியாக இறங்கிய பழைய நகல் மட்டும் தலையில் அப்படியே இருக்கும். காய்ச்சல் தொடாத ஒரே ஆள் நான். அதனால் இந்த வில்லை கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

இடத்தை மிச்சம் பிடிக்க, ஒரே நேரத்தில் நடந்தவற்றைக் கணினி ஒரே பக்கத்தில் அடுக்கும். ஒருவர் அழித்தால் பக்கமே போகும்.

ஏழாம் மாடி வரதப்பன் லிஃப்டில் வைத்து மனைவியை அறைந்தவர். அவள் இறந்தபின் அறைந்த நினைவு அவரைத் தூங்கவிடவில்லை. அழித்துவிட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு. அதே லிஃப்டில் அப்போது ஜெயசீலியும் மகள் இனியாவும் நின்றிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செத்துப்போன பிள்ளையைப் பற்றி ஜெயசீலிக்கு மிஞ்சியிருந்ததே அந்த ஒரு பக்கம்தான்.

மறுநாள் அவளைத் தனியாக அழைத்தேன்.

“இன்னிக்கு வில்லை வாங்காதம்மா. வாங்குனா இனியா போயிடுவா.”

“ஐயோ, என்ன சார் சொல்றீங்க? விழுந்த பல்லக் கையில வச்சிக்கிட்டு சிரிப்பாளே, அது ஒண்ணுதான சார் எங்கிட்ட இருக்கு!”

அழுதுகொண்டே வெறுங்கையோடு போனாள். மறுநாள் காலை வரிசையில் முதல் ஆளாக நின்றாள். வில்லையில்லாத நாளில் கேட்ட எச்சரிக்கை எப்படித் தங்கும்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுபடி சொன்னேன், மறுபடி அழுதாள். அவள் வீட்டுக் கதவில் எழுதி ஒட்டினேன். எவனோ விளையாடுகிறான் என்று கிழித்துவிட்டாள். அவளிடமுள்ள நகலைத் தனியே எடுக்க முடியுமா என்று மேலிடத்தைக் கேட்டேன். செல்லாத நகலுக்கு விதியில்லை என்று பதில் வந்தது.

பத்தொன்பது நாள் இப்படியே போனது. தினமும் புதிதாகக் கேட்பவள்போல் அலறினாள். இருபதாம் நாள் வாயைத் திறக்காமல் வில்லையைக் கொடுத்துவிட்டேன். அவள் நிம்மதிக்காக என்று சொன்னால் பொய். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வில்லையைத் திருப்பித் தர வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

“உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா சார்?”

“ஒரு பொண்ணு.”

“குடுத்து வச்சவரு. எனக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்லாமலே போயிடுச்சு.”